ஐந்தாவது ஆள்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வரவேண்டாம்.

என் பெயர் அருள்நேசன். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கார்ப்பெட் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். பல்கலைக்கழகம் என்றதும் புல்வெளியும் மணிக்கூண்டும் கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது ஒரு லிஃப்ட், அதுவும் மனம் வைத்தால்தான் ஓடும். மாணவர்கள் நானூறு பேர். அதில் பாதிப்பேர் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள். கதவு திறப்பதும் வான் ஓட்டுவதும் என் வேலை. போதாக்குறைக்கு மூன்று வருடமாக விளையாட்டுத் துறையும் என் தலையில். துறை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அலுமாரி. உள்ளே மூன்று பந்து, ஒரு பம்ப், முன்னும் பின்னும் எழுத்துப் போட்ட ஏழு மேலங்கி.

அந்த அலுமாரி உண்டானதற்குக் காரணம் சயந்தினி. வணிகம் படிக்க வந்து மூன்றாவது வாரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நெட்போல் ரீம் ஒண்டு தொடங்கப்போறம். யூனிவர்சிட்டி லீக்கில சேரவேணும்."

"ஆர் விளையாடுறது? நானும் லிஃப்டுமோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. எட்டுப் பெயர் எழுதிய தாளை மேசையில் வைத்தாள். அதில் ஐந்து பேர் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பிள்ளைகள். சின்ன வயதில் பூசை நேரத்தில் சத்தம் போட்டதற்காக நானே வெளியே அனுப்பிய பிள்ளைகள்.

வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு லீக்கில் இறங்குவது விசர்வேலை என்று எனக்கே தெரிந்தது. பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு நாலு அணி. உள்ளரங்கம், பயிற்றுநர், கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள். நம்மிடம் யாராவது கொஞ்சம் நன்றாக ஆடினால் அதையும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். லக்‌ஷிகா என்று ஒருத்தி, வளையத்துக்குள் பந்து போடுவதில் கெட்டிக்காரி, அவளும் கோயில் பிள்ளை, போன வருடம்வரை எங்கள் அணி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று விளையாட்டு உதவித்தொகையைக் காட்டி அவளைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவளுடைய தகப்பனோடு இரண்டு ஞாயிறு கதைக்கவில்லை. சயந்தினிதான் என்னை அடக்கினாள். "அவள் நல்லா வரட்டும் அங்கிள். நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்."

அவர்களுடைய வேலை என்ன என்று கேளுங்கள். பயிற்சிக்கு இடம் கிடையாது. கோயில் கார் நிறுத்துமிடத்தில், கார்களுக்குப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஆடினார்கள். வளையக் கம்பம் ஒன்றுதான் இருந்தது. மற்றப் பக்கத்தில் ஒருத்தி ஏணியில் ஏறி நின்று கையால் வட்டம் பிடிப்பாள். செத்தவீடு வந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓரமாய் நின்று சிலுவை போட்டுவிட்டு, சவ வாகனம் போனபிறகு திரும்பத் தொடங்குவார்கள். மழை பெய்தால் கோயில் தும்புத்தடியால் தண்ணீரை வழித்துவிட்டு ஆடுவார்கள். ஒருத்திக்கு சூப்பர்மார்க்கெட்டில் காலை நாலு மணி ஷிப்ட், ஒருத்திக்கு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, நான் பல பேரை வேலையில் பார்த்திருக்கிறேன், இப்படி யாரையும் பார்த்ததில்லை.

இந்த வருடம் லீக்கில் பதியும்போது குறைந்தது பத்துப் பெயர் வேண்டும் என்றார்கள். லக்‌ஷிகாவின் இடத்துக்கு இன்னொரு கோயில் பிள்ளை வந்தும் எட்டுப் பேர்தான். இன்னும் இரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்? அன்றைக்கு என் மேசைக்கு வந்த இரண்டு மாணவிகளிடம் கையெழுத்து வாங்கினேன். ஒருவர் கனடாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. மற்றவர் லூர்தம்மா, சயந்தினியின் தாய். நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, வியாழனும் சனியும் எங்களிடம் சமூகப் பராமரிப்புப் படிக்கிறார்.

"பேருக்குத்தானே அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம், பேருக்குத்தான்."

"பிறகு என்னை ஓடச்சொல்லிக் கேக்கக்கூடாது."

"உங்களை ஓடச்சொல்லிக் கேக்க எனக்கென்ன விசரே?" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இரண்டு பேருமே அதை மறந்துபோனோம்.

இந்த வருடம் எங்களுக்கு நேரம் சரியில்லை. போட்டிக்குப் போகாமல் விட்டால் அது ஒரு விடுபட்ட ஆட்டம். அப்படி மூன்று சேர்ந்தால் லீக்கிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். ஒக்டோபரில் வான் நடுவழியில் நின்றுபோனதால் ஒன்று. டிசம்பரில் மூன்று பேருக்கு ஒரே நாளில் ஆஸ்பத்திரிப் பயிற்சி வந்ததால் இன்னொன்று. இரண்டாவது நடந்த மறுநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்காமல் பேசுவார். இன்னொன்று விட்டால் இந்த விளையாட்டுக் கதையே முடிந்தது, அந்த அலுமாரியில் போட்டோக்கொப்பி மெஷின் வைக்கலாம் என்றார். நான் கீழே வந்து சயந்தினியிடம் சொன்னேன். அவள் அலுமாரிக் கதவைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு மூடினாள்.

"மிச்சம் மூண்டு மட்ச்தானே அங்கிள். செத்தாலும் வருவம்."

இனித்தான் என் தப்பு வருகிறது.

மூன்றில் முதலாவது ஆட்டம் ஜனவரியில், அந்த ஆற்றங்கரைப் பெரிய பல்கலைக்கழகத்தோடு. அவர்களுடைய அரங்கத்தில் தரை திருத்துகிறார்கள் என்று தள்ளிவைத்தார்கள். பிறகு ஒரு பெண் போன் எடுத்து, பெப்ரவரி பதினெட்டு, புதன்கிழமை, பகல் இரண்டு மணி சரியா என்று கேட்டாள். பல்கலைக்கழக ஆட்டங்கள் எப்போதும் புதனில்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். கீழே கார்ப்பெட் கடைக்காரன் தந்த காலண்டர். பதினெட்டாம் திகதிக் கட்டம் வெறுமையாய் இருந்தது. 'சரி' என்றேன். அவளுக்கு நன்றி வேறு சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசித்தார். வருகிற பதினெட்டாம் திகதி விபூதிப் புதன், போன வருடத்துக் குருத்தோலைகளைக் கொண்டுவந்து தாருங்கள், வழமைபோல அருள்நேசன் எரித்துச் சாம்பல் எடுப்பார் என்றார்.

பன்னிரண்டு வருடமாக விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறவன் நான். கோயிலுக்குப் பின்னால் பிஸ்கட் தகரத்துக்குள் ஓலை எரித்து, அரித்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறவன் நான். அந்த நாளிலேயே பிள்ளைகளுக்கு மட்ச் வைத்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாய்ப் பார்த்தார்.

திங்கள் காலை போன் போட்டேன். தள்ளிவைத்த ஆட்டத்துக்கு லீக் கொடுத்த கடைசித் திகதி அதுதான், இனி மாற்ற ஏலாது என்றார்கள்.

வெளியாருக்கு இது பெரிய விஷயமாய்ப் படாது. சாம்பல் பூசுவது இரவு ஏழரைக்கு, மட்ச் பகல் இரண்டு மணிக்கு, இதில் என்ன என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்கு விபூதிப் புதன் தவக்காலத்தின் வாசல். அன்றைக்கு ஒருசந்தி நோன்பு. நாற்பது நாளைக்குக் கலியாணம் இல்லை, பிறந்தநாள் இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. கோயில் சட்டத்தைவிடத் தாய்மாருடைய சட்டம் இன்னும் கடுமை. எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு அன்று ஆஸ்பத்திரிப் பயிற்சி, வரவே ஏலாது. மிச்சம் ஆறு பேர். அதில் ஐந்து பேர் கோயில் பிள்ளைகள். வலைப்பந்தில் குறைந்தது ஐந்து பேர் நின்றால்தான் ஆட்டம். நாலு என்றால் ஆட்டமே இல்லை. மற்றத் தாய்மார் எல்லாரும் லூர்தம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், ஏனென்றால் அவர்தான் மாதா சபைத் தலைவி. லூர்தம்மா ஓம் என்றால் ஐந்து பேரும் வருவார்கள். இல்லை என்றால் போட்டோக்கொப்பி மெஷின் வரும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிடும்போது அவரிடம் போனேன். நான் வாயைத் திறக்கமுதல் அவர் தொடங்கிவிட்டார்.

"வாங்கோ அண்ணை. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். சாம்பல் எரிக்கிற மனுசன், விபூதிப் புதனில மட்ச் வைச்சிருக்கிறியள்."

"தவறிப்போச்சு லூர்தம்மா."

"கலண்டர் பாக்கேல்லையோ?"

"பாத்தன். கார்ப்பெட் கடைக் கலண்டர்."

"ஓ. கார்ப்பெட் கடைக்காரன் தவக்காலம் போடுவான் எண்டு பாத்தியளாக்கும்." சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். லூர்தம்மா சிரிக்கவில்லை. "பிள்ளையளை நான் விடமாட்டன். தவக்காலத்தில விளையாட்டோ? நல்லாத்தான் இருக்கு கதை."

எனக்குச் சூடேறியது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சயந்தினி கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, அது விளையாட்டில்லை."

"பின்னை என்ன?"

"அவையள் நாப்பது பேரில இருந்து பன்ரெண்டு பேரைத் தெரிஞ்செடுத்துக் கொண்டுவருவினம். நாங்கள் ஆறு பேர். வெறும் வயித்தில ஒரு மணித்தியாலம் ஓடப்போறம். தோக்கப்போறம் எண்டும் தெரியும். இதைவிடப் பெரிய தவம் இந்த மண்டபத்தில ஆர் செய்யப்போகினம், சொல்லுங்கோ பாப்பம்."

லூர்தம்மா மகளைப் பார்த்தார். அவர் கையில் இருந்த ரோல்ஸ் அப்படியே இருந்தது. வாய்க்காரப் பிள்ளை என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

"தோக்கிறதெண்டு தெரிஞ்சும் ஏன் போறாய்?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"போகாட்டி அடுத்த வருசம் வாற பிள்ளையளுக்கு ரீம் இருக்காது. நான் ஜூனோட போயிடுவன். எனக்காக இல்லை அம்மா."

லூர்தம்மா ரோல்ஸை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். ஒருசந்தி ஒருசந்திதான், வெறும் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் படக்கூடாது. ஏழு மணிக்குப் பாடகர் குழுவில் எல்லாரும் நிற்கவேண்டும். மூன்றாவது, அவரும் கூட வருவார். விபூதிப் புதனுக்கு எப்போதும் லீவு எடுக்கிறவர், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாராம். காவலுக்கு வருகிறார் என்று எனக்கு விளங்கியது. வரட்டும் என்று விட்டேன்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வானை எடுத்தேன். செவ்வாய் எரித்த ஓலையின் கரி இன்னும் என் நகத்துக்குள் இருந்தது. முன்சீட்டில் லூர்தம்மா, ஆஸ்பத்திரிக் கறுப்புக் காற்சட்டையும் கம்பளிச் சட்டையுமாய், மடியில் செபமாலையோடு. பின்னால் ஆறு பிள்ளைகள். றஜீனா என்ற பிள்ளை பையிலிருந்து குளுக்கோஸ் பக்கெட்டை மெதுவாய் எடுத்தாள். முன்னால் இருந்தவர் திரும்பாமலே கையை நீட்டினார். பக்கெட் அந்தக் கைக்குப் போய்விட்டது.

அந்த அரங்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் முழுப் பல்கலைக்கழகத்தையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மிச்ச இடத்தில் கார் விடலாம். பளபளக்கும் மரத்தரை, மின்சாரப் பலகையில் புள்ளி. அவர்களுடைய பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில் உடுத்துக்கொண்டு வரிசையாய் ஓடிப் பழகினார்கள். அதில் லக்‌ஷிகாவும் ஒருத்தி. என்னைக் கண்டதும் கையை உயர்த்தினாள். நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறமாதிரிக் குனிந்தேன். சயந்தினி போய் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஆறு பேரை வைத்துக்கொண்டு அவள் ஆடவைத்த விதத்தை நான் என்னவென்று சொல்ல. சயந்தினி நடு ஆட்டக்காரி. வளையத்தடியைத் தவிர எல்லா இடமும் அவள் ஓடலாம், ஓடினாள். ஆளில்லாத இடத்தை ஆளில்லாத இடமாகவே தெரியவிடவில்லை. அவர்கள் உயரமாய்ப் போட்டால் இவர்கள் தரையோடு தட்டி எடுத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் பழகியவர்களுக்கு வழுக்காத தரை சொர்க்கம்போல இருந்திருக்கவேண்டும். முதல் கால்வாசி முடிய பதினாலுக்கு ஒன்பது. அவர்களுடைய பயிற்றுநர் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

இரண்டாவது கால்வாசியில் றஜீனா குதித்து இறங்கும்போது கால் பிரண்டது. பட்டி சுற்றுகிறவர் அவர்களுடைய ஆள், நல்ல மனசோடு ஓடிவந்து சுற்றிவிட்டார். ஆனாலும் அவளால் காலை ஊன்ற ஏலவில்லை. மிச்சம் ஐந்து பேர். இருபத்தொன்பதுக்குப் பதினைந்து.

இடைவேளையில் எங்கள் பிள்ளைகள் வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் தோடம்பழம் வெட்டி வைத்திருந்தார்கள். அந்த வாசம் இங்கே வந்தது. லூர்தம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கண் மகளிடமே இருந்தது. சயந்தினியின் உதடு வெளிறிப்போயிருந்ததை நானும் கண்டேன். லூர்தம்மாவிடம் சொன்னால் வாயை மூடச் சொல்வார் என்று சும்மா இருந்தேன். அதுவும் என் தப்புத்தான்.

மூன்றாவது கால்வாசியில் ஐந்து பேரும் ஏழு பேருக்கு ஓடினார்கள். நாற்பத்தைந்துக்கு இருபது. விசில் ஊதியதும் சயந்தினி இரண்டடி நடந்தாள். பிறகு முழங்கால் மடிந்து அப்படியே தரையில் இருந்துவிட்டாள். எழும்பப் பார்த்தாள், கண் சொருகியது.

பட்டி சுற்றுகிறவர் வந்து பார்த்தார். கடைசியாய் எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார். நேற்று இரவு என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் புதைந்துபோகலாம் போல இருந்தது. இவள் இனி இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நாலு பேர். இன்னும் பதினைந்து நிமிட ஆட்டம். இடைவெளி நாலு நிமிடம். நடுவராய் நின்ற இளம்பெண் வந்து, ஐந்தாவது ஆள் இல்லாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தவேண்டும், அது விடுபட்ட ஆட்டமாய்த்தான் எழுதப்படும், மன்னிக்கவும் என்றாள். அவளிலும் பிழை இல்லை. றஜீனா ஒற்றைக்காலில் எழும்பி நின்று "நான் நிக்கிறன்" என்றாள். நின்ற வேகத்தில் விழுந்தாள். சயந்தினி அழத் தொடங்கினாள். மூன்று வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அம்மா, சொறி அம்மா" என்றாள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. லூர்தம்மாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். அவர் மகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். மகளுடைய முகத்தைக் கையால் துடைத்தார். எழும்பி எதிர்ப்பக்கத்து மேசைக்கு நேரே போனார். யாரையும் கேட்காமல் ஒரு தட்டுத் தோடம்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாப்பிடு."

"ஒருசந்தி அம்மா."

"உனக்கு ஒருசந்தி முடிஞ்சுது. கடவுளோட நான் கதைச்சுக்கொள்ளுறன். சாப்பிடு பிள்ளை." தன் கையாலேயே ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, அந்தப் பேர் லிஸ்டில என்ர பேர் இன்னும் கிடக்கோ?"

நான் பையைத் திறந்து லிஸ்டைத் தேடினேன்.

"கையெழுத்து வாங்கினியள்தானே. கிடக்கோ இல்லையோ?"

"கிடக்கு."

"அப்ப அந்தச் சட்டையைத் தாங்கோ."

"லூர்தம்மா, அங்க ஓடவேணும்."

"ஓடத்தேவையில்லை. நிக்கத்தானே வேணும். இருவது வருசமா குசினியில நிண்டுகொண்டுதானே இருக்கிறன்."

கம்பளிச் சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். மகளுடைய சப்பாத்தைப் போட்டார், இரண்டு பேருக்கும் ஒரே அளவு. கோல் கீப்பர் எழுத்துப் போட்ட மேலங்கியைத் தலையால் மாட்டினார். நடுவர் பெண் லிஸ்டைப் பார்த்தாள், மாணவி அட்டையைப் பார்த்தாள், லூர்தம்மாவைப் பார்த்தாள். எல்லாம் சரிதான் என்று தலையாட்டினாள். பிறகு அவளுடைய கண் கழுத்தில் நின்றது. ஆட்டத்தில் நகை போடக்கூடாது, சங்கிலியைக் கழற்றவேண்டும் என்றாள்.

லூர்தம்மாவின் கை தாலிக்கொடிக்குப் போனது.

எனக்குத் தெரியும், இது நடக்காது. பிள்ளைகளுக்கும் தெரியும். சயந்தினி, "வேண்டாம் அம்மா, விடுங்கோ. பரவாயில்லை" என்றாள். எனக்கு நடுவரோடு சண்டை பிடிக்கவேண்டும் போல இருந்தது, ஆங்கிலத்தில் வார்த்தையும் சேர்த்துவைத்தேன். லூர்தம்மா ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தன்னுடைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாய், அந்தப் பெண்ணிடம் பேசினார். இது நகை இல்லை, என் கலியாண மோதிரம், நாங்கள் கழுத்தில் போடுவோம். இருபத்து மூன்று வருடம் கழற்றியதில்லை. இந்தப் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அன்றைக்கும் உங்களுடைய டாக்டர் இதைக் கழற்றவில்லை, மேலே டேப் ஒட்டினார். நீயும் டேப் ஒட்டு.

நடுவர் பெண் மற்ற நடுவரிடம் போனாள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் இருந்தது. அவள் திரும்பிவந்து, கலியாண மோதிரத்தை டேப்பால் மூடினால் ஆடலாம் என்று விதி இருக்கிறது, இதுவும் கலியாண மோதிரம்தான் என்றாள். பட்டி சுற்றுகிறவரிடம் டேப்பைக் கேட்டேன். அதற்குள் சயந்தினி அதைப் பிடுங்கிவிட்டாள். இருந்த இடத்தில் இருந்தபடியே, தாயைக் குனியச் சொல்லி, தாலிக்கொடியைக் கழுத்தோடு ஒட்டப் படுக்கவைத்து, வெள்ளை டேப்பை வரிவரியாய் ஒட்டினாள். லூர்தம்மா அசையாமல் நின்றார்.

கடைசிக் கால்வாசி. வளையத்தடியில் லூர்தம்மா. அவருக்கு முன்னால் பந்து போட நின்றவள் லக்‌ஷிகா.

"அன்ரி?" என்றாள் லக்‌ஷிகா.

முதல் ஐந்து நிமிடம் லூர்தம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றடி தள்ளி நிற்கவேண்டும் என்று நாலுதரம் விசில் ஊதினார்கள். ஐந்தாம் தரம் சரியாய் மூன்றடி தள்ளி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, லக்‌ஷிகாவின் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீ இண்டைக்குச் சாப்பிட்டனியோ?"

லக்‌ஷிகா போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அடுத்ததும் போனது. எதிரணியின் பயிற்றுநர் கையை விரித்தார். ஏன் என்று அவருக்கு யார் சொல்வது. மூன்றாவது தரம் அவள் லூர்தம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு போட்டாள், விழுந்தது. கெட்டிக்காரிதான், அதையும் சொல்லவேண்டும். அன்றைக்குத்தான் அவளில் எனக்கிருந்த கோபம் போனது.

லூர்தம்மா பந்தைப் பிடித்தது ஒரே ஒருமுறை. அது அவரிடம் தானாய் வந்து விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் இருந்து சயந்தினி, "அம்மா, விடுங்கோ, றைட்டில" என்று கத்தினாள். அவர் வலப்பக்கம் எறிந்தார். அந்தப் பந்து நாலு கை மாறி மற்றப் பக்க வளையத்துக்குள் விழுந்தது. நான் அழுதேன். ஏன் மறைக்க.

ஐம்பத்தெட்டுக்கு இருபத்து நாலு. தோல்விதான், நல்ல சாத்துத்தான். ஆனால் விசில் ஊதும்போது எங்கள் பக்கத்தில் ஐந்து பேர் நின்றார்கள். நடுவர் தாளில் முழுப் புள்ளியையும் எழுதி, 'ஆட்டம் முடிந்தது' என்ற கட்டத்தில் சரி போட்டாள். நான் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி அதை இரண்டுதரம் வாசித்தேன்.

ஏழரைக்குக் கோயிலில் சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சுவாமிக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் நொண்டி நொண்டி வந்தார்கள். லூர்தம்மாவும் வரிசையில் வந்தார். நெற்றியில் சாம்பல் வாங்கினார். கம்பளிச் சட்டைக் கழுத்துக்கு மேலே வெள்ளை டேப் தெரிந்தது, இன்னும் கழற்றவில்லை. பகல் முழுக்க அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் வியாழன், அவருக்கு வகுப்பு. என் மேசைக்கு வந்தார். நடை கொஞ்சம் சரிந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படி ஏறும்போதுதான் தெரிகிறது என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு காலண்டரை எடுத்தார். கோயில் காலண்டர், புனிதர் பெயர்களும் ஒருசந்தி நாட்களும் போட்டது. என்னைக் கேட்காமல் கார்ப்பெட் கடைக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆணியில் இதைத் தொங்கவிட்டார்.

"இனித் திகதி குடுக்கேக்க இதைப் பாத்துக் குடுங்கோ அண்ணை."

"ஓம் லூர்தம்மா."

அவர் வகுப்புக்குப் போய்விட்டார். அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை, படியில் மெதுவாய் ஏறும் சத்தம் கேட்டது. நான் எழும்பிக் காலண்டரைப் பார்த்தேன். மார்ச் மாதத்தைப் புரட்டினேன். எங்களுக்கு மிச்சம் இருந்த இரண்டு புதன்கிழமைகளிலும், புனிதர்களின் பெயருக்குக் கீழே, நீலப் பேனாவால் அவருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது.

'மட்ச். ஷிப்ட் மாத்தியாச்சு.'